பதின்மூன்று கண்களும் ஒரு சமையலறை அடுப்பும்



இந்த மாதப் பதிவு சற்று நீளம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு சாய்ந்துகொண்டு வாசியுங்கள்.

ஆஸ்திரேலியாவில் பார்க்ஸ் என்ற ஊருக்கு அருகே இருக்கும் ரேடியோ தொலைநோக்கியில் 1997ஆம் ஆண்டு பொருத்திய ஒரு கருவியின் கதை இது. அதற்குப் பதின்மூன்று கண்கள். அதன் முக்கியமான மின்னணுப் பாகங்கள் ஏறக்குறைய மைனஸ் 250 டிகிரிக் குளிரில் வேலை செய்தன. வானத்தைச் சீக்கிரமாகத் தேடி முடிக்க வேண்டும் என்றுதான் அத்தனை கண்கள் வைத்தார்கள். ஆனால் பின்னாளில் ஒரு பெரிய கண்டுபிடிப்பு மெய்யா பொய்யா என்ற சந்தேகம் கிளம்பியபோது, அந்தக் கண்கள் சாட்சிக் கூண்டில் ஏற வேண்டி வந்தது. அந்தச் சாட்சியைப் பற்றிச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன்.

முதலில் கொஞ்சம் பாடம். பயப்படாதீர்கள், தேர்வு கிடையாது.

விண்மீன்கள் ஒளியை மட்டும் அனுப்புவதில்லை. வானத்திலிருந்து ரேடியோ அலைகளும் வருகின்றன. 1930களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் கார்ல் ஜான்ஸ்கி என்ற பொறியாளர் இதைக் கண்டார். கடல் கடந்த தொலைபேசிப் பேச்சில் வரும் கரகரப்பு எங்கிருந்து வருகிறது என்று தேடப் போனவர், அதில் ஒரு பங்கு பால்வீதியின் மையத்திலிருந்து வருவதை அறிந்தார். 1944இல் ஹாலந்து நாட்டு வான் டி ஹல்ஸ்ட், வானில் பரவிக் கிடக்கும் ஹைட்ரஜன் அணு 21 செ.மீ. அலைநீளத்தில் மெல்ல முணுமுணுக்க வேண்டும் என்று கணக்குப் போட்டுச் சொன்னார். ஓர் அணுவைத் தனியே விட்டால் அது அப்படி ஒருமுறை முணுமுணுக்கச் சராசரியாக ஒரு கோடி ஆண்டுக்கு மேல் ஆகும். ஆனால் வானத்தில் ஹைட்ரஜனுக்குப் பஞ்சமா? 1951இல் ஹார்வர்டில் யூவெனும் பர்செலும் அந்த முணுமுணுப்பைக் கேட்டே விட்டார்கள். அதன் அதிர்வெண் 1420 மெகாஹெர்ட்ஸ். விண்மீன் மண்டலங்களைத் தேடுபவர்களுக்கு அன்றிலிருந்து இதுதான் மூலமந்திரம்.

இந்த அலைகள் எவ்வளவு மெலிந்தவை தெரியுமா? நிலாவில் ஒரு செல்போனை வைத்துப் பேசினால், ரேடியோ வானத்தில் மிகப் பிரகாசமாகத் தெரியும் பொருள்களில் அதுவும் ஒன்றாகிவிடும். அப்படியானால் கோடிக்கணக்கான ஒளியாண்டு தள்ளி இருக்கும் ஒரு மண்டலத்தின் குரல் எப்படி இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

அதனால்தான் பெரிய பெரிய கிண்ணங்களாகக் கட்டினார்கள். பார்க்ஸ் தொலைநோக்கியின் குறுக்களவு 64 மீட்டர். 1961 அக்டோபர் 31 அன்று திறந்தார்கள். 1969இல் ஆம்ஸ்ட்ராங் நிலவில் நடந்த காட்சியை உலகத்துக்குக் கொண்டுவந்ததில் இதற்குப் பெரிய பங்கு உண்டு.

கிண்ணம் பெரிதாக இருந்தால் மட்டும் போதாது. என் வகுப்பில் படித்தவர்களுக்கு நினைவிருக்கலாம். ஒலி பாடம் நடத்தும்போது, "எல்லாரும் மூச்சைப் பிடிச்சுக்கங்க, சுவர்க்கடிகாரம் கேக்குதா பாருங்க" என்பேன். பேச்சு நின்றால் கேட்காது, கை கால் அசைவு நின்றாலும் கேட்காது. கடைசியில் மூச்சும் நின்றால்தான் 'டிக் டிக்' என்று கேட்கும். நம்மிடமிருந்தே எழும் சத்தம்தான் கடைசித் தடை.

ரேடியோ கருவிக்கும் இதே நிலைமைதான். எந்தப் பொருளும் தன் வெப்பத்தினாலேயே ரேடியோ அலைகளை உமிழும். ஒரு கம்பிக்குள் எலக்ட்ரான்கள் வெப்பத்தால் துள்ளிக்கொண்டே இருக்கும். அந்தத் துள்ளல்தான் இரைச்சல். அதனால் ரேடியோ வானியலில் இரைச்சலையே டிகிரிக் கணக்கில் அளக்கிறார்கள். அறை வெப்பநிலை ஏறக்குறைய 300 கெல்வின். வானத்திலிருந்து வரும் செய்தியோ ஒரு கெல்வினில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லாமல் இருக்கும்.

இன்னொரு கணக்கும் உண்டு. கருவியின் இரைச்சலைப் பாதியாகக் குறைத்தால், அதே மங்கலான பொருளைக் காண ஆகும் நேரம் பாதியாகாது, நாலில் ஒன்றாகும். நாலு மணி நேர வேலை ஒரு மணியில் முடியும். தொலைநோக்கியில் ஒரு மணி நேரம் கிடைக்க உலகம் முழுவதும் விஞ்ஞானிகள் வரிசையில் நிற்கும்போது, இது எவ்வளவு பெரிய மிச்சம்!

ஆகவே கருவியைக் குளிர்விக்க வேண்டும். அதற்கு ஹீலியம் வேண்டும். இந்த ஹீலியத்துக்கும் பழைய சென்னை மாகாணத்துக்கும் ஓர் உறவு உண்டு. 1868 ஆகஸ்ட் 18 அன்று முழு சூரிய கிரகணம். அதை ஆராய வெளிநாட்டார் குண்டூருக்கு வந்தார்கள். சென்னை வானாய்வுக்கூடத்தின் போக்சன் மசூலிப்பட்டினம் போனார். அந்த ஆண்டு சூரிய விளிம்பின் ஒளியில் கண்ட, யாருக்கும் விளங்காத ஒரு மஞ்சள் கோட்டிலிருந்துதான் சூரியனின் பெயரைத் தாங்கிய ஹீலியம் என்ற தனிமத்தின் கதை தொடங்குகிறது. பூமியில் அது அகப்பட 1895 ஆயிற்று. 1908இல் ஹாலந்தில் காமர்லிங் ஓன்ஸ் அதைத் திரவமாக்கினார். அதன் கொதிநிலை 4.2 கெல்வின்தான். வேறெந்தப் பொருளுக்கும் அவ்வளவு தாழ்ந்த கொதிநிலை கிடையாது.

குளிர்ந்த ஹீலியம் வானியலுக்குத் தந்த பெரிய கொடையை 1964, 65இல் பார்க்கலாம். அமெரிக்காவில் பென்சியாசும் வில்சனும் திரவ ஹீலியத்தால் குளிர்வித்த ஒரு பொருளைத் தராசுக் கல்போல வைத்துக்கொண்டு வானத்தின் இரைச்சலை அளந்தார்கள். எந்தப் பக்கம் திருப்பினாலும் ஏறக்குறைய மூன்று கெல்வின் மிச்சமாக நின்றது. பிரபஞ்சம் பிறந்த காலத்து வெப்பத்தின் மிச்சம் அது. கருவியின் இரைச்சலை அவர்கள் துல்லியமாக அறிந்திருந்ததால்தான் அந்த மூன்று கெல்வினைத் தனியே பிரித்துப் பார்க்க முடிந்தது. இதைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கதையின் கடைசியில் வேண்டியிருக்கும்.

திரவ ஹீலியத்தைத் தொலைநோக்கியின் உச்சிக்கு ஏற்றிக்கொண்டே இருப்பது பெரும்பாடு. அதற்கு வழி, நம் வீட்டு ஃப்ரிட்ஜ்போல ஒரே வாயுவைச் சுற்றிச் சுற்றிப் பயன்படுத்துவது. ஹீலிய வாயுவை அழுத்தி, அந்தச் சூட்டை வெளியே தள்ளி, பிறகு திடீரென விரியவிட்டால் அது குளிரும். கிஃபோர்டு, மக்மேகன் என்ற இருவர் வகுத்த இந்த முறையில் வாயு திரவமாக ஆகாமலேயே 20 கெல்வின், அதாவது மைனஸ் 253 டிகிரி வரை இறங்கலாம். சுற்றிலும் வெற்றிடம் உள்ள ஒரு பெட்டிக்குள் மின்னணுப் பாகங்களை வைத்துவிட்டால் வெளிச் சூடு உள்ளே போகாது. காபி சூடாக இருக்க நாம் வைத்திருக்கும் தெர்மாஸ் பிளாஸ்க்கின் அதே தத்துவம். 1892இல் ஜேம்ஸ் டூவார் என்பவர் கண்டது.

பெட்டிக்குள் வைக்கும் பாகங்களில் முக்கியமானது முதல் பெருக்கி. ஆம்ப்ளிஃபயர் என்றால் உங்களுக்கு உடனே புரியும். வானத்திலிருந்து வந்த மெலிந்த அலையை முதலில் தொடுவது அதுதான். அங்கே சேரும் இரைச்சலைப் பின்னால் எவ்வளவு நல்ல கருவி வைத்தாலும் எடுக்க முடியாது. பாலில் விழுந்த உப்பு மாதிரி. பெருக்கிக்கு முன்னால் இருக்கும் கம்பி அறை வெப்பநிலையில் கிடந்து, வந்த அலையில் நூற்றுக்கு இரண்டே கால் பங்கை விழுங்கினாலே ஏறக்குறைய 7 கெல்வின் இரைச்சல் ஏறிவிடும். பார்க்ஸ் கருவியின் மொத்த இரைச்சலே 21 கெல்வின் அளவில்தான் இருந்தது. ஏழு கெல்வின் என்றால் அதில் மூன்றில் ஒரு பங்கு! இதை எண்ணினால் அந்தப் பொறியாளர்கள் ஒவ்வொரு இணைப்பிலும் எத்தனை கவனம் வைத்திருப்பார்கள் என்று தெரியும்.

இதற்கு ஏற்ற சிறிய டிரான்சிஸ்டர் ஜப்பானிலிருந்து வந்தது. ஃபியூஜிட்சு நிறுவனத்தில் தகாஷி மிமுரா 1979இல் எண்ணிப் பார்த்து 1980இல் செய்து காட்டியது. அதைக் குளிர்வித்து 1985இல் ஜப்பானின் நோபேயாமா ரேடியோ தொலைநோக்கியில் பொருத்தினார்கள். பிறகு அதுவே செயற்கைக்கோள் தொலைக்காட்சிக்கும் வந்தது. மொட்டை மாடியில் நாம் மாட்டிய டிஷ் ஆண்டெனாவும் தொலைதூர விண்வெளியைக் கேட்கும் கருவியும் இந்த வகையில் பங்காளிகள்.

இதுவரை குளிர். இனி கண்கள்.

64 மீட்டர் கிண்ணம் பெரிதாக இருந்தாலும், ஒரு நேரத்தில் அது பார்க்கும் வானம் மிகச் சிறியது. 21 செ.மீ. அலையில் முழு நிலவின் குறுக்களவில் பாதிதான். நம் கண்ணைப்போலப் படம் பிடிப்பதில்லை. குவியத்தில் ஓர் ஏற்பி, அதாவது ஒரு ரிசீவர் இருந்தால், ஒரு புள்ளி. அவ்வளவுதான். வானம் முழுவதையும் அப்படிப்பட்ட புள்ளிகளால் நிரப்பினால் ஒன்பது லட்சத்துக்கும் மேல் வேண்டும். ஒவ்வொரு புள்ளிக்கும் சில நிமிடங்கள் என்று கணக்குப் போடுங்கள். அதைச் செய்ய யாருக்குத் தொலைநோக்கி கிடைக்கும்?

அதனால் குவியத்தில் ஒரு கூம்புக்குப் பதில் பல கூம்புகளை வைத்தால் என்ன என்று நினைத்தார்கள். ஒவ்வொரு கூம்பும் சற்றே வேறு திசையிலிருந்து வரும் அலையைப் பிடிக்கும். ஒரு திசையைப் பார்க்கும் ஒவ்வொன்றையும் ஒரு கற்றை என்பார்கள். 1980களில் அமெரிக்காவின் கிரீன் பாங்கில், 300 அடிக் குறுக்களவு கொண்ட தொலைநோக்கியில் ஏழு கற்றைக் கருவி ஒன்றை வைத்து வட வானத்தைத் தேடினார்கள். 1988 நவம்பர் 15 இரவு அந்தத் தொலைநோக்கி அப்படியே சரிந்து விழுந்தது. நல்ல வேளையாக உயிர்ச்சேதம் இல்லை. 1990இல் அந்த ஏழு கற்றைக் கருவியை ஆஸ்திரேலியாவுக்குக் கொண்டுபோய்ப் பார்க்ஸ் கிண்ணத்தில் பொருத்தித் தென் வானத்தைத் தேடினார்கள். பார்க்ஸ்காரர்கள் பல கற்றைகளின் ருசியைப் பார்த்தது அப்போது.

அந்த ஏழு கற்றைக் கருவி வேலை செய்தது ஆறு செ.மீ. அளவிலான சிறிய அலையில். ஹைட்ரஜனின் 21 செ.மீ. அலைக்குக் கூம்பு பெரிதாக வேண்டும். பெரிய கூம்புகளை நெருக்கி வைக்க முடியாது, ஒன்றோடொன்று இடிக்கும். நடுவிலிருந்து தள்ளிப் போகப் போகக் குவியமும் கெடும். வடிவமைப்பின் வயிற்றுவலி இதுதான். ஆஸ்திரேலிய அரசின் ஆராய்ச்சி நிறுவனமான சி.எஸ்.ஐ.ஆர்.ஓ.வைச் சேர்ந்தவர்கள் இதில் இறங்கினார்கள். லிஸ்டர் ஸ்டேவ்லி-ஸ்மித், வாரிக் வில்சன், டிரெவர் பேர்ட், மால் சின்க்ளேர், ரான் எக்கர்ஸ் முதலியோர் பெயர்கள் 1996இல் வெளியான இந்தக் கருவியின் கட்டுரையில் இருக்கின்றன.

அவர்கள் செய்த ஏற்பாடு தேன்கூட்டை நினைவூட்டும். நடுவில் ஒரு கூம்பு, அதைச் சுற்றி ஆறு, அதற்கும் வெளியே ஆறு. ஆகப் பதின்மூன்று. ரேடியோ அலை இரண்டு வகைத் தளங்களில் அதிரும். இரண்டையும் தனித்தனியே எடுக்க வேண்டும். ஆகவே பதின்மூன்று கூம்புக்கு இருபத்தாறு பெருக்கிகள். அத்தனையும் குளிரில். கூம்புகளுக்கு நடுவே இடைவெளி இருப்பதால் ஒரே நேரத்தில் வானத்தில் இரண்டு புள்ளிகளுக்கு நடுவே சந்து விழும். அதற்குக் கருவியையே 15 டிகிரி திருப்பி வைத்து வானத்தைக் கோடு கோடாக உழுதார்கள். ஏர் ஓட்டத் தெரிந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஒரு சாலுக்கும் மறு சாலுக்கும் இடையே உழாத மண் விடக் கூடாது.

1997 ஜனவரியில் கருவி மேலே ஏறியது. பிப்ரவரியில் ஹைட்ரஜன் தேடல் தொடங்கியது. பிறகு வந்த அறுவடையைக் கேளுங்கள். தென் வானத்தில் மட்டும் 4,315 விண்மீன் மண்டலங்கள் அந்தப் பட்டியலில் ஏறின. பால்வீதியின் தூசி மறைத்திருந்த பக்கத்திலும் தேடி 883 மண்டலங்களை 2016இல் வெளியிட்டார்கள். அவற்றில் மூன்றில் ஒரு பங்கு அதுவரை யாரும் காணாதவை. தூசி ஒளியை மறைக்கும், 21 செ.மீ. அலையை மறைக்காது.

பல்சார் தேடுபவர்களும் அதே கருவியில் சேர்ந்துகொண்டார்கள். பல்சார் என்பது கலங்கரை விளக்குபோலச் சுழன்று ரேடியோத் துடிப்புகளை வீசும் இறந்த விண்மீன். முதல் பல்சாரை 1967இல் ஜோசலின் பெல் என்ற மாணவி கண்டார். அன்று முதல் முப்பது ஆண்டுகளில் உலகம் முழுவதும் சேர்த்த எண்ணிக்கைக்கு ஈடாக, 800க்கும் மேற்பட்ட பல்சார்களை இந்தக் கருவியின் ஒரே தேடல் தந்தது. 2003இல் இன்னொரு தேடலில், ஒன்றையொன்று சுற்றும் இரட்டைப் பல்சார் கிடைத்தது. 2.4 மணி நேரத்தில் ஒரு சுற்று. இரண்டும் நாளுக்கு 7 மில்லிமீட்டர் வீதம் நெருங்கி வருகின்றன. ஐன்ஸ்டைன் கணக்குச் சொன்னபடியே.

இனிதான் வழக்கு.

2001 ஜூலை 24 அன்று, நம் பால்வீதிக்கு அண்டையில் இருக்கும் சிறிய மெகல்லன் மேகத்தின் பக்கம் பார்க்ஸ் பார்த்துக்கொண்டிருந்தது. அன்று பதிவானதை அப்போது யாரும் கவனிக்கவில்லை. தரவு நாடாவில் தூங்கியது. ஆறு ஆண்டு கழித்து, 2007இல், அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாப் பல்கலைக்கழகத்தில் டங்கன் லோரிமர் பழைய தரவைத் திரும்பப் பார்க்கச் சொன்னார். டேவிட் நார்கெவிக் என்ற இளநிலை மாணவர் பார்த்தார். அதில் ஓர் ஒற்றைத் துடிப்பு. ஐந்து மில்லி விநாடிக்குள் முடிந்த ஒன்று. ஒரு கற்றையில் கருவியின் அளவுகோலே நிரம்பி வழியும் அளவுக்குப் பலமாக இருந்தது.

அது எவ்வளவு தொலைவிலிருந்து வந்தது என்று எப்படித் தெரியும்? விண்வெளியில் சிதறிக் கிடக்கும் எலக்ட்ரான்கள் வழியே வரும்போது, அதிக அதிர்வெண் முதலிலும் குறைந்த அதிர்வெண் பிந்தியும் வந்து சேரும். பந்தயத்தில் எல்லாரும் ஒன்றாகக் கிளம்பினாலும், ஓட ஓட வேகமானவருக்கும் மெதுவானவருக்கும் இடைவெளி கூடுவது மாதிரி. இந்தத் துடிப்பின் தாமதம், அந்தத் திசையில் நம் பால்வீதி தரக்கூடியதைப் போலப் பல மடங்கு. ஆகவே மிகத் தொலைவிலிருந்து வந்திருக்க வேண்டும். ஒரு புதுவகை வெடிப்பு! அதிவேக ரேடியோ வெடிப்பு என்று இன்று சொல்கிறோம்.

ஆனால் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதே இடத்தை மணிக்கணக்கில் திரும்பப் பார்த்தும் இரண்டாவது வரவில்லை. ஒற்றைச் சாட்சியை எந்த நீதிமன்றம் நம்பும்?

சந்தேகம் இன்னும் பெருகியது. சாரா பர்க்-ஸ்போலாவோர் என்ற ஆய்வாளரும் அவர் குழுவினரும் பார்க்ஸின் பழைய பதிவுகளைத் துழாவி, 16 துடிப்புகளை எடுத்தார்கள். 1998 முதல் பதிவானவை. அவற்றிலும் அதிக அதிர்வெண் முந்தி, குறைந்தது பிந்தி. தாமத அளவுகூட லோரிமர் கண்டதற்குப் பக்கத்தில் வந்து நின்றது. ஆனால் அவை பூமியிலிருந்து கிளம்பியவை என்பது தெளிவு. பெரிட்டான் என்று பெயர் வைத்தார்கள். போர்ஹேஸ் எழுதிய கற்பனை விலங்குகள் நூலில் வரும் ஒரு பறவை மான். அதன் நிழல் மட்டும் மனித நிழலாக விழுமாம். ஒன்றாக இருந்து இன்னொன்றாகத் தோற்றம் தருவதற்குப் பொருத்தமான பெயர். அப்படியானால் லோரிமர் கண்டதும் இந்தப் பறவையின் நிழல்தானோ என்று பலர் முணுமுணுத்தார்கள்.

இங்கேதான் பதின்மூன்று கண்கள் சாட்சிக் கூண்டில் ஏறின.

இப்படி நினைத்துப் பாருங்கள். ஒரு வகுப்பறையில் பதின்மூன்று பிள்ளைகள். ஒவ்வொருவர் கையிலும் ஒரு காகிதக் குழல். சன்னல் வழியே வானத்தின் வெவ்வேறு மூலையைப் பார்க்கிறார்கள். ஒரு பிள்ளை "மின்னல்!" என்று கத்துகிறது. பக்கத்துக் குழலில் இருக்கும் இரண்டு பேர் "எனக்கும் லேசாத் தெரிஞ்சுது டீச்சர்" என்கிறார்கள். மற்ற பத்துப் பேர் ஒன்றும் பார்க்கவில்லை. அப்படியானால் மின்னல் வானத்தில்தான், அந்தப் பிள்ளை பார்த்த மூலையில்தான். அதற்குப் பதில் பதின்மூன்று பேரும் ஒரே நேரத்தில், ஒரே அளவு வெளிச்சத்தைப் பார்த்தோம் என்றால்? யாரோ வகுப்புக்குள்ளேயே டார்ச் அடிக்கிறார்கள் என்று பொருள்.

லோரிமர் வெடிப்பு மூன்று கற்றைகளில் மட்டும் தெரிந்தது. பெரிட்டான்கள் பதின்மூன்றிலும் தெரிந்தன. ஒரே கண் கொண்ட கருவியாக இருந்திருந்தால் இந்த இரண்டையும் பிரித்துச் சொல்ல வழியே இருந்திருக்காது. "பார்த்தேன்" என்று சொல்ல ஒரு கண் போதும். "நான் மட்டும்தான் பார்த்தேன், மற்றவர்கள் பார்க்கவில்லை" என்பதும் ஒரு செய்தி, அதைச் சொல்ல மற்ற கண்களும் திறந்திருக்க வேண்டும். அந்த நொடியில் ஒன்றும் பார்க்காத பத்துக் கற்றைகளின் மௌனம்தான் வழக்கில் பெரிய சாட்சி.

2013இல் டான் தார்ன்டன் குழுவினர் அதே கருவியில் இன்னும் நான்கு வெடிப்புகளை வெளியிட்டார்கள். பார்க்ஸைத் தவிர வேறெங்கும் தெரியவில்லையே என்ற கேள்வி அப்போதும் நின்றது. அதற்கும் பதில் வந்தது. 2004இல் சி.எஸ்.ஐ.ஆர்.ஓ.வே கட்டிக் கொடுத்த ஏழு கற்றைக் கருவி ஒன்று போர்ட்டோ ரிக்கோவில் அரெசிபோ தொலைநோக்கியில் இருந்தது. 2012 நவம்பர் 2 அன்று அதில் ஒரு வெடிப்பு பதிவாகியிருந்ததை 2014இல் அறிவித்தார்கள். அதே இடத்திலிருந்து அது திரும்பத் திரும்ப வெடிப்பதையும் பிறகு கண்டார்கள். 2017இல் அதன் வீடும் தெரிந்தது. ஏறக்குறைய 300 கோடி ஒளியாண்டு தொலைவில் ஒரு சின்ன விண்மீன் மண்டலம்.

சரி, பெரிட்டானை வீசியது யார்? இதைக் கண்டது எமிலி பெட்ராஃப் என்ற ஆய்வு மாணவி. துடிப்புகள் வேலை நாளில், அலுவல் நேரத்தில், சாப்பாட்டு வேளையை ஒட்டி வந்தன. பேரண்டத்துக்கு ஏது சாப்பாட்டு மணி? 2014 டிசம்பரில் அங்கே உள்ளூர் ரேடியோக் குறுக்கீட்டைக் கண்காணிக்க ஒரு கருவி வைத்தார்கள். 2015 ஜனவரியில் மூன்று பெரிட்டான்கள் வந்தபோது, அதே நொடியில் 2.4 கிகாஹெர்ட்ஸ் பக்கமும் ஒரு கசிவு தெரிந்தது. அது மைக்ரோவேவ் அடுப்பின் அலை. மார்ச் 17 அன்று பீங்கான் குவளையில் தண்ணீர் வைத்துச் சோதித்தார்கள். அடுப்பு தானாக நிற்கும் வரை விட்டால் ஒன்றுமில்லை. பொறுமை இல்லாமல் நடுவிலேயே கதவைத் திறந்தால், உள்ளே அலை உண்டாக்கும் குழாய் அணையும் அந்தக் கணத்தில் ஒரு துடிப்பு தப்பி வெளியே ஓடுகிறது. தொலைநோக்கியின் முகம் தக்க கோணத்தில் இருந்தால் பெரிட்டான்! காபியோ சோறோ சூடு பண்ண வந்தவரின் அவசரம், பல ஆண்டுகள் விஞ்ஞானிகளின் தூக்கத்தைக் கெடுத்திருக்கிறது.

இந்தச் செய்தி வந்தபோது பத்திரிகைகள் கேலியாக எழுதின. மைக்ரோவேவ் அடுப்பை விண்மீன் என்று நினைத்தார்கள் என்கிற மாதிரி. அது சரியில்லை. பெரிட்டான் வானத்துப் பொருள் அல்ல என்று கருவி முதல் நாளிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தது. விஞ்ஞானிகளும் அதையே எழுதினார்கள். எங்கிருந்து வருகிறது என்பதுதான் தெரியாமல் இருந்தது. அடுப்பைக் கண்டுபிடித்தபின் லோரிமர் வெடிப்பின் மேலிருந்த கறை நீங்கியது. 2023இல் லோரிமர், மாரா மெக்லாஃப்லின், மாத்யூ பெய்ல்ஸ் மூவருக்கும் வானியலுக்கான ஷா பரிசு கிடைத்தது. இன்று இந்த வெடிப்புகளின் தாமதத்தை அளந்தே, விண்மீன் மண்டலங்களுக்கு இடையே கண்ணுக்குத் தெரியாமல் பரவியிருக்கும் பொருளை எடை போடுகிறார்கள்.

நம் பக்கத்து உறவையும் சொல்லிவிடுகிறேன். ஊட்டிக்குப் போனவர்கள் முத்தோரையில் மலைச்சரிவில் நீளமாகக் கிடக்கும் ரேடியோ தொலைநோக்கியைப் பார்த்திருப்பீர்கள். 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். 1970இல் அதைக் கட்டி முடித்த கோவிந்த் ஸ்வரூப், 1953இல் சிட்னிக்குப் போய் ஜோசப் பாசியின் குழுவில் பயின்றவர். பார்க்ஸ் கிண்ணம் பிறந்ததும் அதே சிட்னி ஆய்வுக்கூடத்தில்தான். அவர்கள் பயன்படுத்தி முடித்த 32 சிறிய கிண்ணங்களைக் கேட்டு வாங்கி, பம்பாய் அருகே கல்யாணில் நட்டு, இந்தியாவில் ரேடியோ வானியலைத் தொடங்கினார். நம் ஊட்டித் தொலைநோக்கியும் ஒரே நேரத்தில் 12 கற்றைகளில் பார்க்கக்கூடியது. அங்கே அதைக் கூம்புகளால் செய்யவில்லை, மின் இணைப்பின் கணக்கால் செய்தார்கள்.

பதின்மூன்று கண் கருவியின் வாரிசுகள் இன்று பல நாட்டில் இருக்கிறார்கள். சீனாவின் குய்சோ மாகாணத்தில் 500 மீட்டர்க் கிண்ணத்தில் 2018இல் ஏறிய 19 கற்றைக் கருவியையும் சி.எஸ்.ஐ.ஆர்.ஓ.தான் சீன விஞ்ஞானிகளோடு சேர்ந்து செய்தது. அந்தத் தொலைநோக்கி ஆயிரத்துக்கும் மேல் பல்சார்களைக் கண்டுவிட்டது. அரெசிபோ 2020 டிசம்பர் 1 அன்று இடிந்து விழுந்தது. பார்க்ஸ் நிற்கிறது. அந்த மண்ணின் பூர்வகுடிகளான விராஜுரி மக்களின் பெரியவர்கள் 2020இல் அதற்கு முரியாங் என்று பெயர் சூட்டினார்கள். வானுலகம் என்று பொருள்.

பிள்ளைகளே, உங்களில் பலர் இன்று தொழிற்சாலையிலும் மருத்துவமனையிலும் வங்கியிலும் ஏதோ ஒன்றை அளக்கும் வேலையில் இருக்கிறீர்கள். லோரிமர் பெயர் உலகத்துக்குத் தெரியும். இருபத்தாறு பெருக்கிகளையும் ஒவ்வொன்றாகச் சோதித்து, ஒரு திருகாணி தளர்ந்தாலும் விடாமல், அந்தக் கருவியை நம்பத் தகுந்ததாக ஆக்கியவர்களின் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்? அவர்கள் வேலை சுத்தமாக இல்லாதிருந்தால் 2001இல் வந்த அந்த ஐந்து மில்லி விநாடி, கருவிக் கோளாறு என்று குப்பைக்குப் போயிருக்கும். உங்கள் வேலையும் அப்படித்தான் எங்கோ யாருக்கோ சாட்சியாக நிற்கும் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் குழந்தைகள் இருந்தால், பழைய நாள்காட்டித் தாளில் நாலைந்து குழல் சுருட்டிக் கொடுத்து, இரவில் மொட்டை மாடியில் அந்த விளையாட்டை ஆடிப் பாருங்கள். யார் என்ன பார்த்தார்கள், யார் பார்க்கவில்லை என்று இரண்டையும் எழுதி வைக்கச் சொல்லுங்கள். என்ன ஆயிற்று என்று கீழே கருத்தில் எனக்கும் எழுதுங்கள். சந்தேகம் இருந்தால் சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் போன் பண்ணுங்கள், வீட்டில்தான் இருப்பேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்